எல்லோருக்கும் இருந்தால் காரணமாகாதா?

எப்ஸ்டீன்-பார் வைரஸ் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலில் குடியிருக்கிறது; ஆகவே அது நரம்புறை அழியும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் காரணமாக முடியாது என்கிறார் ஒரு கட்டுரையாளர். கேட்க வேண்டியது வேறு. வைரஸ் தொற்றாதவர்களுக்கு இந்நோய் வருகிறதா?

விடை 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்துவிட்டது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளிலிருந்து 801 நோயாளிகளின் பழைய ரத்த மாதிரிகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். தொடக்கத்தில் 35 பேருக்குத் தொற்று இல்லை. நோய் தலைகாட்டுமுன் அவர்களில் 34 பேருக்குத் தொற்றியிருந்தது. தொற்றியபின் ஆபத்து 32 மடங்கு! இதேபோல எச்சிலில் பரவும் சைட்டோமெகலோ வைரஸால் ஆபத்து கூடவே இல்லை. நரம்பிழைச் சிதைவைக் காட்டும் புரதமும் தொற்றுக்குப் பிறகே ரத்தத்தில் உயர்ந்தது. நோய்தான் தொற்றை இழுத்துவந்தது என்ற சமாதானத்துக்கும் இனி இடமில்லை.

வைரஸ் மட்டுமே போதும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மரபணு, புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைவு, பதின்வயது உடல்பருமன் எல்லாம் ஆபத்தைக் கூட்டுபவைதான். வைரஸின் புரதமொன்றைத் தாக்க உருவான எதிர்ப்பொருள், சில நோயாளிகளிடம் மூளையின் கிளையல்கேம் புரதத்தையும் பற்றிக்கொள்வதை ஸ்டான்போர்டு குழு அதே ஆண்டில் காட்டியது. நரம்புறையான மயலின் ஏன் அழிகிறது என்பதற்கு இது வலுவான தடயம்.

நடக்கவும் பார்க்கவும் தடுமாறும் இளம் வயதினரின் நோய் இது. தடுப்பூசிகள் மனிதர்களிடம் சோதிக்கப்படும் நேரத்தில் 'காரணமில்லை' என்று அடித்துச் சொல்பவர், அந்த 34 பேருக்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்?