ஜீப் வயர்லெஸ் செட்டும் இரண்டு ரூபாய் ஃப்யூஸும்

வண்டியில் பொருத்திய வயர்லெஸ் செட் கெட்டுப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. பணியில் இருந்த காலம் முழுவதும் வண்டிகளில் செட் பொருத்துவதும் கழற்றுவதும் பழுது பார்ப்பதுமாகத்தான் என் பொழுது போனது. என் மேஜைக்கு "டெட்" என்று சீட்டு ஒட்டி வந்த செட்டுகளில் பெரும்பாலானவை, தாமாகக் கெட்டவை அல்ல. வண்டியின் மின்சாரம் அவற்றைக் கெடுத்திருந்தது. இன்னும் பல செட்டுகளுக்குக் கேடே இல்லை. வண்டியில்தான் கோளாறு. ஆனால் பழி மட்டும் தவறாமல் செட்டின் மேல் விழும். புது செட் கேட்டு ஃபைல் போகும். புது செட் வரும். அதே பழைய ஒயரில் மாட்டுவார்கள். ஆறு மாதத்தில் அதுவும் மேஜைக்கு வரும்.

டிரைவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "சார், கன்ட்ரோல் பேசறது நல்லா கேக்குது. நாம மைக்கை அமுக்கினா லைட்டு அணைஞ்சு அணைஞ்சு வருது, பேச்சு போகல." உடனே மெக்கானிக் மீட்டரை வைத்துப் பார்ப்பார். 12.5 வோல்ட் காட்டும். "பவர் சரியா இருக்கு, செட்டுதான் போச்சு" என்று எழுதிவிடுவார்.

இதில்தான் சூட்சுமம். கேட்டுக்கொண்டிருக்கும்போது செட்டுக்கு அரை ஆம்பியர் போதும். 50 வாட் செட்டில் மைக்கை அமுக்கிப் பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும், அதாவது இருபது மடங்கு. மெல்லிய ஒயர், உப்புப் பூத்த பேட்டரி டெர்மினல், முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் எல்லாம் அரை ஆம்பியருக்கு ஒன்றும் செய்யாது. பத்து ஆம்பியர் ஓடும்போதுதான் அவை தம் சுயரூபத்தைக் காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து செட்டுக்கு ஐந்து மீட்டர், போக வரப் பத்து மீட்டர் ஒயர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் பத்து ஆம்பியரில் ஏறக்குறைய 1.8 வோல்ட் ஒயரிலேயே காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். செட்டின் முதுகில் 13.8 வோல்ட் என்று அச்சடித்திருப்பது அழகுக்கு அல்ல. பதினொன்றுக்குக் கீழே போனால் பல செட்டுகள் தடுமாறும். ஆகவே மீட்டரைச் செட்டின் பின்னால் வைத்து, மைக்கை அமுக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது பார்த்த வோல்டேஜ், படுத்திருப்பவருக்குப் பார்த்த நாடித்துடிப்பு மாதிரி. மாடிப்படி ஏறினால் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

அடுத்தது ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸ் போய்விட்டால் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி மாட்டுவதை நானே எத்தனையோ வண்டிகளில் பார்த்திருக்கிறேன். இரண்டு ரூபாய் மிச்சம் என்று நினைப்பு. ஃப்யூஸ் இருப்பது செட்டைக் காக்க மட்டும் அல்ல, ஒயரையும் வண்டியையும் காக்க. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை இழுத்திருப்பார்கள். குலுங்கிக் குலுங்கி ஒரு நாள் தோல் உரிந்து தகட்டில் தொடும். ஃப்யூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே இருந்தால் அத்தோடு முடிந்தது. ஃப்யூஸ் செட்டின் பக்கத்தில் மட்டும் இருந்தாலோ, ஈயத்தாள் சுற்றியிருந்தாலோ, முழு பேட்டரியும் அந்த ஒயர் வழியே தீயாகக் கொட்டும். ஆகவே பேட்டரி அருகில் ஒன்று, செட் அருகில் ஒன்று என்று இரண்டு வேண்டும்.

மூன்றாவது, வண்டி கிளப்பும் நேரம். செல்ஃப் அடிக்கும்போது மோட்டார் நூறு, இருநூறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரி வோல்டேஜ் ஒன்பதுக்கும் கீழே இறங்கி மேலே வரும். செட்டை அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள் என்று நான் சொல்லாத டிரைவர் இல்லை.

இதையெல்லாம்விட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்கல, சார்ஜ் ஆகுது" என்று சோதிப்பது. இது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரியைப் பிரித்தால், அந்தக் கணத்தில் எழும் வோல்டேஜ் ஐம்பதையும் தாண்டலாம். நொடியில் ஒரு பங்குதான், ஆனால் செட்டின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டருக்கு அது போதும். தளர்ந்த டெர்மினல் கிளாம்ப் பள்ளத்தில் குலுங்கும்போது இதே வேலையை யாரும் கழற்றாமலே செய்துவிடும். வண்டிக்கு எலக்ட்ரிக் வெல்டிங் வைப்பவர்களும் பேட்டரியையும் செட்டையும் பிரிக்காமல் ஆரம்பிப்பார்கள். மாலையில் செட் டெட்.

தீயணைப்பு வண்டி மாதிரி பெரிய வண்டிகளில் 24 வோல்ட். அங்கே இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடுவார்கள். அந்த ஒன்று காலியாகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுவதே முறை.

"இந்தக் காலத்து செட்டுகளில் எல்லாப் பாதுகாப்பும் உள்ளேயே இருக்கிறதே" என்று இளைஞர்கள் கேட்பார்கள். உண்மைதான். பேட்டரியை மாற்றி மாட்டினால் ஃப்யூஸை எரித்துச் செட்டைக் காப்பாற்றும் டையோடு இருக்கிறது. ஆனால் ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் ஈயத்தாள் இருந்தால் அந்த டையோடு என்ன செய்யும்? அதுதான் முதலில் பலியாகும். கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான்.

"பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் ராத்திரி பேட்டரி இறங்கிவிடுமே, சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்தால் என்ன?" என்பது இன்னொரு கேள்வி. அரை ஆம்பியர் வீதம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஆறு ஆம்பியர் மணி. எழுபது, எண்பது ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது பெரிய சுமை அல்ல. மூன்று நான்கு நாள் நிற்கும் வண்டி என்றால், சாவியை எடுத்தால் செட்டும் அணையும்படி தனி ஒயர் பல செட்டுகளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம். லைட்டர் சாக்கெட் போன் சார்ஜருக்கானது. பத்து ஆம்பியரை நாள் முழுக்கத் தாங்க அந்த ஒயரைப் போடவில்லை.

"எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது செட் எதற்கு?" என்பவர்களுக்கு ஒரே பதில்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, மரமும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்த ஊர்களில் கையில் இருந்த போன் என்ன ஆனது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். டவருக்குக் கரண்ட் இல்லை, போனுக்கு சார்ஜ் இல்லை. அப்படிப்பட்ட ராத்திரியில் வண்டியின் பேட்டரியே மின்சார நிலையம், செட்டே தந்தி ஆபீஸ். அன்று மைக்கை அமுக்கும்போது லைட் அணைந்தால், ஆம்புலன்ஸ் எந்தத் தெருவுக்கு வரவேண்டும் என்று யார் சொல்வது?

என் கருத்து இதுதான். செட் வாங்கப் பல ஆயிரம் ஒதுக்கும் அலுவலகங்கள், பொருத்தும் வேலைக்கு என்று ஒரு பைசாகூடத் தனியாக ஒதுக்குவதில்லை. சரியான ஒயர், இரண்டு ஃப்யூஸ் ஹோல்டர், ஈயம் வைத்து இறுக்கிய லக், மாற்று ஃப்யூஸ் நாலு, இவையும் செட்டோடு சேர்ந்தே வர வேண்டும். பொருத்தியவர் மைக்கை அமுக்கிய நிலையில் செட்டின் பின்னால் எத்தனை வோல்ட் என்று அளந்து, வண்டியின் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கட்டாயமாக மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, மறுபடி அளக்க வேண்டும். எண் குறைந்திருந்தால் செட்டைத் தொடாதீர்கள், ஒயரைத் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைப் போலவே ஓய்வு பெற்றவர்கள். ஆனால் மகனோ மருமகனோ தீயணைப்பிலோ, வனத்துறையிலோ, ஆம்புலன்ஸிலோ, மீன்பிடிப் படகிலோ இருக்கலாம். படகின் செட்டுக்கும் இதே கதைதான், உப்புக்காற்று வேறு சேரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் சாப்பாடு போட்டுவிட்டு, ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.