விண்டோஸ் 10 முடிஞ்சுது, லேப்டாப் முடியல: ஒரு நீண்ட இழை

1/
போன மாசம் ஓபியில, பாபநாசம் பக்கத்துலேர்ந்து வழக்கமா வர்ற ஒரு அம்மா. மாத்திரை ஒழுங்கா போடுறவங்க. அன்னைக்கு பிபி 170/100. என்னாச்சும்மான்னு கேட்டேன். "பொண்ணுக்கு லேப்டாப்பு வாங்கணும் டாக்டர். பழசு இனிமே செல்லாதுன்னு கடையில சொல்லிட்டாங்க. தோட்ட அடகு வைக்கலாம்னு இருக்கேன். ரெண்டு நாளா தூக்கமில்ல"ன்னாங்க.

2/
பழசுன்னு சொன்னது, மூத்த பையன் பிளஸ் டூ படிச்சப்ப அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. இப்ப தங்கச்சி அதுலதான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்குது. ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் நல்லா இருக்கு. திரையில வந்தது ஒரே ஒரு அறிவிப்பு: விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. கடைக்காரர் பார்த்துட்டு, "இதுல 11 ஏறாதும்மா, புதுசு வாங்கிடுங்க"ன்னுட்டார்.

3/
நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. ஆனா என் கிளினிக் லேப்டாப்புக்கும் இதே நிலைமை வந்து, கையச் சுட்டுக்கிட்டுக் கத்துக்கிட்டேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்: அந்த லேப்டாப்பைத் தூக்கிப் போடுறதும் தப்பு, ஒண்ணும் செய்யாம அப்படியே நெட்ல போட்டு வைக்கிறதும் தப்பு. நடுவுல வழி இருக்கு.

4/
முதல்ல என்ன நடந்ததுன்னு பார்ப்போம். 2015 ஜூலைல வந்த விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் இலவச பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 போடணும்னா 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும். இன்டெல்லா இருந்தா பெரும்பாலும் எட்டாவது தலைமுறை பிராசஸரோ அதுக்கு மேலயோ இருக்கணும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-லதான்.

5/
"அப்டேட் வரலன்னா என்ன டாக்டர், ஓடிக்கிட்டுதானே இருக்கு?" இதே கேள்விய பிபி நோயாளிகள் தினமும் கேக்குறாங்க. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, எதுக்கு மாத்திரை?" பிபி வலிக்காது. பக்கவாதம் வந்த அன்னைக்குத்தான் தெரியும். அப்டேட் நின்ன லேப்டாப்பும் அப்படித்தான். மறுநாள் காலையிலயும் ஜம்முனு ஆன் ஆகும். ஆனா புதுசா கண்டுபிடிக்கிற ஓட்டை ஒண்ணையும் யாரும் அடைக்க மாட்டாங்க.

6/
இது பயமுறுத்தல் இல்ல. 2017 மே 12, வான்னாக்ரை. கோப்புகளைப் பூட்டி வச்சு பணம் கேட்ட வைரஸ். அது நுழைஞ்ச ஓட்டைக்கு மருந்து மார்ச் 14-லயே வந்தாச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்க. இங்கிலாந்துல 81 என்ஹெச்எஸ் டிரஸ்ட்டுகள் பாதிப்பு. 19,000-க்கு மேல அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும்னு மதிப்பிட்டாங்க. அதுல ஆபரேஷன்களும் அடக்கம். மாட்டின மெஷின்ல பெரும்பாலானது அப்டேட் போடாத விண்டோஸ் 7.

7/
நம்ம ஊர் உதாரணம் வேணுமா? 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் மேல சைபர் தாக்குதல். நாட்டோட முதன்மையான ஆஸ்பத்திரியிலயே நாள்கணக்கா ஓபி சீட்டு, லேப் ரிப்போர்ட் எல்லாம் பேனா, பேப்பர்ல ஓடுச்சு.

8/
சரி, என்ன செய்யலாம்? எமர்ஜென்சி வார்டுல வர்றவங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிப்போம் இல்லையா, அதே மாதிரி லேப்டாப்பையும் பிரிங்க.

பச்சை: விண்டோஸ் 11-க்குத் தகுதி உள்ளது. மைக்ரோசாஃப்டோட பிசி ஹெல்த் செக் செயலி ஓட்டினா தெரியும். டிபிஎம் இல்லன்னு காட்டினா உடனே கைவிடாதீங்க. சிப் இருந்தும் பயாஸ்ல அணைச்சு வச்சிருப்பாங்க. தகுதி இருந்தா 11 இலவசம்.

9/
மஞ்சள்: 11 ஏறாது, ஆனா உடம்பு நல்லா இருக்கு. 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ராம். அந்த அம்மா வீட்டு லேப்டாப் இதுதான். நம்ம ஊர்ல பெரும்பாலானது இந்த வகைதான்னு நினைக்கிறேன்.

சிவப்பு: பேட்டரி உப்பிப்போனது. டச்பேட் மேல தூக்கிட்டு நிக்குதா, கீழ்மூடி பிதுங்குதா? அதை சார்ஜ்ல போடாதீங்க, குத்திப் பார்க்காதீங்க. தீப்பிடிக்கும். முதல்ல பேட்டரியைக் கழட்டச் சொல்லுங்க, மத்தது அப்புறம். மதர்போர்டே போயிருந்தா மின்கழிவுக்குக் கொடுத்துடுங்க.

10/
எந்த நிறமா இருந்தாலும் முதல் வேலை பேக்கப். இங்கதான் நான் சுட்டுக்கிட்டேன். பேட்டரி செத்த கிளினிக் லேப்டாப்ல, பேக்கப் எடுக்காம, ஞாயித்துக்கிழமை மதியம் அப்டேட் போட்டேன். பாதியில கரண்ட் போச்சு. மூணு மாச சர்க்கரை நோயாளிகளோட குறிப்பு போயிடுச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, என் அவசரம். அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் "என்ன மாத்திரைங்க போட்டுக்கிட்டிருக்கீங்க"ன்னு கேட்டு திரும்ப எழுதினேன். "மஞ்ச கலர் மாத்திரைங்க"ன்னு பதில் வரும்.

11/
அதனால மூணு பிரதி, ரெண்டு வகை சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. அந்தக் கடைசி வார்த்தை நம்மளுக்கு முக்கியம். 2018 நவம்பர் 16 கஜா அன்னைக்கு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஓடு பறந்த வீடுகள்ல லேப்டாப்பும் பக்கத்து அலமாரி பென் டிரைவும் ஒண்ணாத்தான் நனைஞ்சுது. அப்புறம், மின்வாரிய மாதாந்திரப் பராமரிப்பு எந்த நாள்னு பார்த்துட்டு அப்டேட்ல கை வைங்க.

12/
இப்ப மஞ்சள் லேப்டாப்புக்கு சிகிச்சை.

முதலுதவி: விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிப்பு பாதுகாப்பு அப்டேட் திட்டம் அறிவிச்சிருக்காங்க. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே பதிவு பண்ணலாம். மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணா காசு கிடையாது, இல்லன்னா 30 டாலர். இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும். நிறுவனங்களுக்குத் தனித் திட்டம், முதல் வருஷமே ஒரு மெஷினுக்கு 61 டாலர்.

13/
ஆபரேஷன்: பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடுங்க. பழைய லேப்டாப் மெதுவா ஓடுறதுக்குப் பாதிக் காரணம் அந்த டிஸ்க்தான். இடம் இருந்தா ராமையும் 8 ஜிபி ஆக்குங்க. புது லேப்டாப் விலையில சின்னப் பங்குதான் ஆகும்.

14/
நீண்டகால மருந்து: லினக்ஸ். லினக்ஸ் மின்ட்டோட எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபில சௌகரியமா ஓடும். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. இலவசம். "அதெல்லாம் நமக்குப் புரியாது"ன்னு சொல்லாதீங்க. விலையில்லா மடிக்கணினி 2011-ல ஆரம்பிச்சப்பவே விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தாங்க. அது சி-டாக் உருவாக்கின இந்திய லினக்ஸ். நம்ம பிள்ளைங்க அதைத் திறக்கவே இல்ல. திறந்து காட்ட பெரும்பாலும் ஆளும் இல்ல.

15/
பக்கவிளைவும் சொல்லணும் இல்லையா. சில பிரிண்டர் லினக்ஸ்ல மக்கர் பண்ணும். விண்டோஸுக்கு மட்டும்னு எழுதின டேலி மாதிரி மென்பொருள் நேரடியா ஓடாது. பாமினி, வானவில் எழுத்துருல அடிச்ச பழைய கோப்பு இருந்தா அந்த எழுத்துருவையும் கையோட எடுத்துட்டுப் போகணும். அதனால முதல்ல பென் டிரைவ்லேர்ந்து ஓட்டிப் பாருங்க, எதையும் அழிக்காது. புது மருந்து ஆரம்பிக்கிறப்ப சின்ன டோஸ் கொடுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி.

16/
செய்யவே கூடாதது ஒண்ணு. "300 ரூபா கொடுங்க, கிராக் போட்டு 11 ஏத்தித் தர்றேன்"னு சொல்ற இடத்துல கொடுக்காதீங்க. அந்த ஆக்டிவேட்டர் ஃபைலுக்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வாங்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு கொடுக்கிறவருக்கே தெரியாது. போலி டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கிற கதைதான்.

17/
சக மருத்துவர்களுக்கு: ஈசிஜி, ஸ்கேன் மெஷினோட இணைச்ச பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரை மாத்த முடியலன்னா, அதை நெட்லேர்ந்து மொத்தமா கழட்டிடுங்க. அந்த மெஷின்ல வாட்ஸ்அப் வெப் வேண்டவே வேண்டாம். ஒருத்தரோட ஹெச்ஐவி ரிப்போர்ட்டோ, மனநல மருந்துச் சீட்டோ வெளிய போனா, கிராமத்துல அந்தக் குடும்பம் அதுக்கப்புறம் எப்படி வாழும்? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்புறம். முதல்ல நம்மள நம்பி வந்தவங்க.

18/
கடைசியா அரசுக்கு. 50 லட்சத்துக்கு மேல லேப்டாப் கொடுத்திருக்கோம். அதுல இன்னும் உசுரோட இருக்கிறது நிறைய. சர்க்கரை, கண் புரைக்கு முகாம் போடுறோம். வட்டத்துக்கு ஒரு நாள் லேப்டாப் முகாம் போடக் கூடாதா? பாலிடெக்னிக், இன்ஜினியரிங் மாணவர்கள் இருக்காங்க. பேக்கப் எடுத்து, பேட்டரி பார்த்து, லினக்ஸ் போட்டு, பிரிண்டர், தமிழ்99 ஓடுதான்னு பார்த்துக் கொடுத்தா போதும். எஸ்எஸ்டிக்கு வேணா பாதி விலை வாங்கிக்கலாம்.

19/
புது லேப்டாப் கொடுக்கிறதை நான் குறை சொல்லல. கொடுக்கணும். ஆனா ஜூன் 12 மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடி வாய்க்காலைத் தூர் வாருற ஊர் இது. வாய்க்கால் தூர்ந்துபோச்சுன்னா இன்னொரு வாய்க்காலா வெட்டுறோம்? கொடுத்த பொருளைப் பராமரிக்கிறதும் திட்டத்துல ஒரு பகுதியா இருக்கணும்.

20/
அந்த அம்மாவோட பொண்ணு லேப்டாப்பைக் கொண்டு வந்துச்சு. எஸ்எஸ்டி மாத்தி, மின்ட் போட்டாச்சு. வேலை செஞ்சது நான் இல்ல, எங்க ஃபார்மசிஸ்ட் தம்பி. பழைய வினாத்தாள் பிடிஎஃப், யூடியூப் கிளாஸ் எல்லாம் நல்லா ஓடுது. இந்த மாசம் மாத்திரை வாங்க வந்தப்ப பிபி 142/88. தோடு காதுலயே இருந்துச்சு.

உங்க லேப்டாப் மாடல், ராம், பிராசஸர் போட்டுக் கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன். வீட்ல பேட்டரி உப்பின லேப்டாப் இருந்தா, இதைப் படிச்ச உடனே போய்ப் பிளக்கைப் புடுங்குங்க.