சுழலும் விசிறியும் நின்றுபோன வரலாறும்

பழைய விமானங்களைத் தேடிச்சென்று படம்பிடிப்பது பணமும் பொழுதும் மிகுந்தோரின் விளையாட்டு என எள்ளி நகையாடுவோர் உளர். அக்கூற்று ஏற்புடையதன்று. நற்பிட்டிமுனையிலிருந்து இரவுப் பேருந்தேறிக் கொழும்பை அடைந்து, காலிமுகத்திடல் வெயிலில் நாள் முழுதும் வானை நோக்கி நிற்கும் இளைஞன் செல்வச் செருக்கினால் அங்கு நிற்கவில்லை. இரத்மலானை விமானப்படை அரும்பொருளகத்தில், ஓய்வுபெற்ற விமானமொன்றின் இறக்கையின்கீழ்க் குனிந்து அதன் இலக்கத்தைத் தேடுபவனும் வீணனல்லன். ஏடுகள் கறையானுக்கு இரையாகும் நாட்டில் ஓர் ஆர்வலன் எடுத்த படமே நாளைய சான்றாகலாம். ஆயின் குறை யாண்டுளது? படம் எடுப்பதில் அன்று. எடுத்த படத்தைப் பிறரோடு பகிரும் முறையிலேயே குறை உளது.

இக்கலையிற் தேர்ந்தோர் ஒரு நுட்பத்தை நன்கறிவர். கமராவின் மூடி ஒரு செக்கனில் 1000இல் ஒரு பங்கு நேரமே திறக்குமாயின், விமானத்தின் மூக்கிற் சுழலும் விசிறி அசைவற்று உறைந்துவிடும். பறக்கும் விமானம் வானிற் தொங்கவிட்ட பொம்மைபோலத் தோன்றும். ஆதலின் அவர்கள் அந்நேரத்தை 125இல் ஒரு பங்காகவோ அதனினும் நீண்டதாகவோ அமைத்து, விமானத்தின் ஓட்டத்தோடு கமராவையும் சீராகத் திருப்புவர். பல படங்கள் கலங்கிப்போகும்; ஒன்றில் மட்டும் உடல் தெளிவாகவும் விசிறி சுழல்வட்டமாகவும் பதியும். விசிறிக்கு உயிரூட்ட இத்துணைப் பாடுபடுவோர், அப்படத்தை நண்பர்க்கு அனுப்புங்கால் ‘என்ன அழகு!’ என்ற இரு சொற்களோடு அமைந்துவிடுகின்றனர். எந்த விமானம்? எங்கு, எந்நாளில் எடுக்கப்பட்டது? அது யாருக்காக, யார்மீது, எதைச் செய்தது? இவை பற்றி ஒரு வரியும் இல்லை. விசிறி சுழல்கிறது, வரலாறு நின்றுவிடுகிறது.

இதனால் விளையும் கேடு கற்பனையன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஐச்சி குண்டுவீச்சு விமானங்கள், பிரித்தானியரின் ஹெர்மிஸ் என்னும் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட அக்கப்பலில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். அதன் சிதைவு இன்றும் இக்கிழக்குக் கடலின் அடியிற் கிடக்கிறது. அமெரிக்க விமானக் காட்சிகளிலே செஞ்சூரியக் குறியோடு பறக்கும் ‘யப்பானிய விமானங்கள்’ பல, 1970இல் வெளிவந்த ‘டோரா! டோரா! டோரா!’ திரைப்படத்துக்காக உருமாற்றப்பட்ட அமெரிக்கப் பயிற்சி விமானங்களே. ஐச்சியாக வேடமிட்டது வல்ற்றி என்னும் பயிற்சி விமானம். விளக்கமற்ற அப்படம் நற்பிட்டிமுனை மாணவன் ஒருவனின் கையை அடையுமாயின், தன் கடலிற் கப்பலை மூழ்கடித்தது இவ்விமானமே என அவன் நம்புவான். அவனுக்கு ஊட்டப்பட்டது வரலாறன்று, திரைப்பட ஒப்பனை.

அயல் நாட்டில் ஏன் தேடவேண்டும்? 2018இல் இந்திய விமானப்படைக்குக் கையளிக்கப்பட்ட ‘பரசுராமா’ என்னும் டக்கோட்டா, ‘வீ.பீ. 905’ என்ற இலக்கத்தைத் தாங்கியுள்ளது. 1947 ஒக்டோபர் 27ஆம் நாள் ஸ்ரீநகருக்குப் படையினரை ஏற்றிச் சென்ற டக்கோட்டாவின் நினைவாக இடப்பட்ட இலக்கம் அது. இன்றைய விமானமோ அயர்லாந்திற் கழிவுப்பொருளாக வாங்கப்பட்டுப் பிரித்தானியாவிற் புதுப்பிக்கப்பட்டது. நினைவைப் போற்றி இலக்கமிட்டது தவறன்று. அச்செய்தியைக் கூறாது படத்தை மட்டும் பரப்புவதே தவறு. ஒரு தலைமுறை கழிந்தபின் நினைவுச் சின்னமே நிகழ்ச்சியின் சான்றாகத் திரிந்துவிடும்.

அழகை நுகர்வோரிடம் வரலாறு கேட்பது கொடுமை என்பர் சிலர். ‘கலை கலைக்காகவே’ என்ற பழைய வாதம் இங்கு விமானமேறி வந்துள்ளது, அவ்வளவே. போர்விமானம் பூவன்று, அதன் வளைவு ஒவ்வொன்றும் ஒரு தொழிலுக்காக வகுக்கப்பட்டது. 1971 ஏப்ரற் கிளர்ச்சியை அடக்க ஜெற் புறொவோஸ்ற் விமானங்கள் ஏவப்பட்டன. அவ்வகை விமானம் இரத்மலானையிற் காட்சிப்பொருளாயிற்று. காண்பவன் கண்ணில் வண்ணம் மட்டுமே படுமாயின், அன்று அதன்கீழ் நின்ற மனிதர் படத்துக்கு வெளியே தள்ளப்படுகின்றனர்.

‘பழைய புண்ணைக் கிளறலாமா?’ என்பது மற்றொரு வினா. புண்ணைக் கிளறுவது வேறு. வடு எவ்வாறு வந்தது என எழுதிவைப்பது வேறு. மேலும், எழுதாமையால் மறைவது கொடுமை மட்டுமன்று, நற்பணியும் மறைகின்றது. போரிற் படைகளைச் சுமந்த டக்கோட்டா வகையே, 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதற் சேவையாக இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியே சென்னைக்குப் பயணிகளைக் கொண்டுசென்றது. வானொலி கேட்டுப் போர்க்காலத்தில் ஒளிந்தவரும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் உதவி வருமென வானை நோக்கியவரும் இக்கரையின் மக்களே. விமானத்துக்கு இரு முகமும் உண்டு என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆர்வலரின் படமே ஒரு முகத்தையும் முழுமையாகக் காட்டாது நிற்கிறது.

ஆதலின் படத்தைப் பகிர்வோர் ஐந்து செய்திகளைத் தமிழில் எழுதிச் சேர்த்தல் கடன்: விமானத்தின் வகை, அதன் மெய்யான இலக்கம், படமெடுத்த இடமும் நாளும், இப்போது பூண்டுள்ள வண்ணம் அதனுடையதா பிறிதொன்றினதா என்பது, அது முன்னர் ஆற்றிய பணி. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுக. ஆங்கிலத்தில் எழுதினாற் போதும் என்பது சோம்பலின் குரல். இக்கரையின் முதியவர் படித்துத் திருத்தக்கூடிய மொழியிலன்றோ இக்கரையின் வரலாறு எழுதப்படல் வேண்டும்?

விசிறியின் சுழற்சிக்காக நாள் முழுதும் வெயிலில் நிற்கும் பொறுமை இவ்விளைஞரிடம் உண்டு. ஐந்து வரி எழுதும் பொறுமையை அவர்களிடம் எதிர்பார்ப்பது மிகையன்று.