முழக்கம் வேண்டாம், முழக்கோல் வேண்டும்!

"பந்தயக் கார் ஓடினால் நமக்கென்ன, நின்றால் நமக்கென்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு மல்லாடுகிறவனுக்குப் பந்தயம் பார்க்க நேரமேது? ஆனாலும் பேசுகிறோம். நாம் பேசுவது பந்தயத்தைப் பற்றியல்ல. அதை எடைபோடும் முறையைப் பற்றி.

"புதிய பாகங்கள் பொருத்திவிட்டோம், இனி வேகத்தைப் பாருங்கள்!" என்று நிறுவனங்கள் முழங்குகின்றன. தகுதிச் சுற்றில் ஓரிடம் முன்னேறினால் பேரிகை. ஓரிடம் பின்தங்கினால் ஒப்பாரி. இரண்டும் தவறு என்கிறோம்.

சான்று இதோ. பார்முலா ஒன் பந்தயத்தில் பேர்பெற்ற மெக்லாரன் அணி 2023 ஆம் ஆண்டைத் தலைகுனிந்து தொடங்கியது. பஹ்ரைன் தகுதிச் சுற்றில் லாண்டோ நோரிஸ் 11 ஆவது. ஆஸ்கர் பியாஸ்ட்ரி 18 ஆவது. ஜூன் தொடக்கத்தில் ஸ்பெயினில், பழைய காரிலேயே நோரிஸ் 3 ஆவது வந்தார். ஜூன் இறுதியில் ஆஸ்திரியாவில் அவருடைய காருக்குப் புதிய பாகங்கள் வந்தன. கிடைத்த இடம்? 4 ஆவது!

இடத்தை மட்டும் எண்ணுகிறவன், "புதிய பாகம் வீண்" என்பான். அதை உருவாக்கிய தொழிலாளியின் உழைப்பும் அதனுடன் சேர்ந்து வீண் கணக்கில் ஏறிவிடும். இது அநீதியல்லவா?

நேரத்தைப் பாருங்கள். ஸ்பெயினில் முதலிடத்துக்கும் நோரிசுக்கும் இடைவெளி 0.520 விநாடி. ஆஸ்திரியாவில் 0.267. பாதையின் நீளம் ஊருக்கு ஊர் வேறு. ஆகையால் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஸ்பெயினில் 100 ரூபாய்க்கு 72 காசு பின்தங்கினார்; ஆஸ்திரியாவில் 41 காசு. இடம் இறங்கியது, கடன் குறைந்தது!

அத்துடன் தீர்ப்பு எழுதிவிடலாமா? கூடாது. ஆஸ்திரியாவில் பழைய காரோடு ஓடிய பியாஸ்ட்ரி 13 ஆவது. ஆனால் அவருக்கு அது முதல் ஆண்டு. ஸ்பெயினிலோ தகுதிச் சுற்றின் தொடக்கத்தில் பாதை ஈரம். ஓட்டுநர், வானம், டயர், எதிரியின் புதிய பாகம் எல்லாமே கணக்கைக் கலைக்கும். ஒருநாள் விளைச்சலை வைத்து உரத்தின் தரத்தைச் சொல்ல முடியுமா?

அடுத்த வாரம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இருவருக்கும் புதிய பாகங்கள். நோரிஸ் 2, பியாஸ்ட்ரி 3. நோரிசின் கடன் 28 காசு. அங்கே வேக வளைவுகள் அதிகம், கார் அதற்குப் பொருந்தியது என்று வாதிக்கலாம். அதையும் கேட்போம். மெதுவான வளைவுகள் மலிந்த ஹங்கேரியில் என்ன நடந்தது? நோரிஸ் 3, பியாஸ்ட்ரி 4. கடன் 11 காசு. அங்கே முதலிடம் பிடித்தவர் வெர்ஸ்டாப்பன் அல்ல, ஹாமில்டன். அளவுகோலே மாறியதால் அந்த 11 காசை முழுதாகப் பாராட்டமாட்டோம். ஆனாலும் மூன்று வெவ்வேறு பாதை, இரண்டு ஓட்டுநர், ஒரே திசை. இப்போது சொல்லலாம்: கார் உண்மையாகவே முன்னேறியது!

கூலி உயர்ந்தது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், அரிசி விலையையும் சேர்த்துத்தானே பார்க்கிறோம்? காருக்கும் அதே நீதிதான். முதலாளியின் முழக்கத்தை அப்படியே நம்பவும் வேண்டாம். உழைத்தவன் சாதித்ததை ஒரே நாளில் மறுக்கவும் வேண்டாம். அளந்து பார்ப்போம், ஒருமுறைக்கு மும்முறை அளப்போம். பிறகு பேசுவோம்!