கூகுளில் தெரியும் அந்த ரெண்டு வரி (இழை)

1/ கூகுளில் "சுகர் குறைய" என்று தேடிப் பாருங்க. தலைப்புக்குக் கீழே ரெண்டு வரி வரும். "ஏழே நாளில் சர்க்கரைக்கு குட்பை! டாக்டர்கள் சொல்லாத ரகசியம்..." என்கிற ரகம். இதை எழுதுறவங்க வைத்த பேர் மெட்டா டிஸ்கிரிப்ஷன். இன்னிக்கு என் சண்டை அதோடதான்.

2/ பக்கத்தைத் திறந்தால் இந்த வரி கண்ணில் படாது. தேடுறவங்களுக்குக் காட்டவே நிரலுக்குள் எழுதி வைக்கும் சுருக்கம். 150, 160 எழுத்துக்குள் முடிக்கணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. நீண்டால் கூகுள் வெட்டிடும்.

3/ "ரேங்க் வரணுமே சார்" என்பாங்க. மெட்டா டிஸ்கிரிப்ஷனை ரேங்கிங்குக்கு எடுத்துக்கிறதில்லைன்னு கூகுள் 2009லேயே சொல்லிடுச்சு. அப்போ இந்தப் பொய் கிளிக்குக்காக. கிளிக் விளம்பரக் காசுக்காக.

4/ "கடைசியில் 'மருத்துவரை அணுகவும்'னு போட்டிருக்கோமே?" கடைசி வரை யார் போறாங்க? பயத்தில் தேடுற பலர் அந்த ரெண்டு வரியோட நின்னுடுறாங்க. டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைக்கு அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால், ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும்.

5/ டெங்குவும் அப்படித்தான். "காய்ச்சல் விட்டாச்சா? இனி கவலை இல்லை"ன்னு ஒரு வரி போதும், ஆளைக் கொல்ல. டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தான கட்டமே தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியலாம், பிரஷர் விழலாம்.

6/ சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம் உட்பட 54 நோய்களைப் பட்டியல் போட்டு, இவற்றைக் குணமாக்கும்னு மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாதுன்னு 1954லேயே சட்டம் வந்தாச்சு. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டினால் மோசடி, கூகுளில் ஒட்டினால் எஸ்இஓவா?

7/ நம்ம ஆளுங்களும் யோக்கியம் இல்லை. "100% வெற்றி, வலியே இல்லை"ன்னு ஆஸ்பத்திரி பக்கங்களுக்கும் எழுதுறாங்க. கேட்டால், "ஏஜென்சி பண்ணது சார்." போர்டில் உங்க பேர் இருக்கு டாக்டர். அந்த வரிக்கும் நீங்கதான் பொறுப்பு. நோயாளியை விளம்பரம் போட்டு இழுக்கக் கூடாதுன்னு 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்லுது.

8/ உண்மையை எழுதினால் கிளிக் வராதா? இதைப் பாருங்க: "டெங்கு காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலி, வாந்தி, ரத்தக் கசிவு இருந்தால் உடனே மருத்துவமனை செல்லுங்கள். மற்ற அபாய அறிகுறிகள் உள்ளே." பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கும் அம்மா இதைத் திறக்காமல் போவாங்களா? திறக்காவிட்டாலும் தெரிய வேண்டியது தெரிஞ்சிடும்.

9/ இன்னொண்ணு. நீங்க எழுதினதை விட்டுட்டு, பக்கத்திலிருந்தே ஒரு வரியை எடுத்தும் கூகுள் காட்டும். அதனால் உள்ளே இருப்பதும் நேர்மையா இருக்கணும்.

10/ படிக்கிறவங்களுக்கு: ரெண்டு வரியைப் பார்த்து எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. எழுதுறவங்களுக்கு: உங்க அப்பா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு தேடினால், எந்த வரி அவர் கண்ணில் படணுமோ அதை எழுதுங்க.