போர்டு எழுதுகிறவனுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில், போர்டு எழுதும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "தமிழ் எழுத்தை அழகா எழுதிப் பழக நல்ல புத்தகம், பத்திரிகை இருந்தா சொல்லுங்க." வந்த பதில்களைப் படித்தேன். "பின்ட்ரெஸ்ட்ல பாருப்பா" என்றார் ஒருவர். "ஃப்ளெக்ஸ் வந்தாச்சு, இன்னும் பிரஷ்ஷா?" என்றார் இன்னொருவர். "போர்டு எழுதுறவனுக்குப் புத்தகம் எதுக்கு?" என்று மூன்றாமவர் கேட்க, அதற்கு ஏழெட்டுப் பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தீர்கள். அந்த ஏழெட்டுப் பேருக்கும் நான்தான் எழுத்து சொல்லிக்கொடுத்தேன். அதனால் பதில் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1994-இல் தொடங்கியது. பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் தேடி உலகெங்கிலும் இருந்து ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். அந்தச் சேகரிப்பை உருவாக்கிய கோட்டையூர் முத்தையா என்ன வேலை பார்த்தவர் தெரியுமா? பேராசிரியரோ ஜமீன்தாரோ இல்லை. விளம்பரப் பலகை எழுதிய ஓவியர்! அவர் சேர்த்துவைத்த நூல்களை வைத்துத்தான் மற்றவர்கள் டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். இப்போது சொல்லுங்கள், போர்டு எழுதுகிறவனுக்குப் புத்தகம் எதற்கு?

"அது பழைய காலம், இது தொழில், கைப்பழக்கம் போதும்" என்பீர்கள். அமெரிக்காவில் போர்டு தொழிலுக்கென்றே 'சைன்ஸ் ஆஃப் தி டைம்ஸ்' என்ற பத்திரிகை 1906-இல் தொடங்கியது. 1909-இல் ஃபிராங்க் அட்கின்சன் என்ற போர்டு ஓவியர், எழுத்தை எப்படி அமைப்பது, இடைவெளி எப்படி விடுவது என்று படத்தோடு ஒரு முழுப் புத்தகமே போட்டார். பிரஷ் பிடித்தவன் பிரஷ் பிடிப்பவனுக்காக எழுதியது. இன்றும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். டெல்லியில் ஹனீஃப் குரேஷி என்ற கலைஞர், தெரு ஓவியர்களின் எழுத்துகளைச் சேகரித்துக் கணினி எழுத்துருவாக மாற்றி, அந்தந்த ஓவியரின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்தார். 2024-இல் மறைந்துவிட்டார். அவர் செய்ததை நம் ஊர்களில் யார் செய்யப் போகிறோம்?

பின்ட்ரெஸ்டைப் பார் என்பவர்களுக்கு ஒன்று. அங்கே கொட்டிக் கிடப்பதில் பெரும்பகுதி ஆங்கில எழுத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும். நம் எழுத்து அப்படியா? 'கீ' மேலே சுழிக்கும், 'கூ' கீழே இறங்கும், 'ணை' அகலமாக உட்காரும், 'ர' ஒடுங்கி நிற்கும், புள்ளிக்குத் தனி இடம் வேண்டும். இரண்டு வரி எழுதினால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் முட்டிக்கொள்ளும். இந்தச் சிக்கலை எந்த ஆங்கிலப் படமும் தீர்த்துவைக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய போர்டுகளில் 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு இருக்கும். அவற்றைப் பார்த்து வளர்ந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கின்றன.

ஃப்ளெக்ஸ் மலிவு, சீக்கிரம் என்கிறீர்கள். சரி, மூன்று நாள் விழாவுக்கு மலிவுதான். 2019-இல் பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து வண்டியில் போன இளம்பெண்ணின் உயிர் போனதே, அதையும் அந்த மலிவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அழகு என்று பார்த்தாலோ, இருக்கிற நாலைந்து எழுத்துருவை இடத்துக்குத் தகுந்தபடி இழுத்து நீட்டுகிறார்கள். கம்பு பருத்து, சுழி நசுங்கி, எழுத்து நோயாளிபோல் நிற்கிறது. உறவில் ஒரு வீட்டு மஞ்சள் நீராட்டு விழா பேனரில் 'நீராட்டு' என்பதற்கு வல்லின 'ற' போட்டிருந்தார்கள். அடித்தவர் கவனிக்கவில்லை, வாங்கியவரும் கவனிக்கவில்லை!

கடைப் பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று அரசு சொல்கிறது. நல்லது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சொன்னோம், எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

இதையெல்லாம் உத்திரமேரூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேதனை. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பாடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கினீர்கள். அந்த எழுத்தைப் பார்த்தீர்களா? காலை வெயில் சாய்வாக விழும்போது போய் நில்லுங்கள். கருங்கல்லில் வரி பிசகாமல், பக்கத்து எழுத்தை இடிக்காமல் ஓடுகிறது. முடிவில் இந்த ஏற்பாட்டை எழுதியவன் நான் என்று ஊர் மத்தியஸ்தன் தன் பெயரையும் சொல்கிறான். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் எழுதியவனுக்குப் பெயர் இருந்தது. போர்டின் கீழ் மூலையில் 'இன்னார் ஆர்ட்ஸ்' என்று போட்டதும் அந்த வழக்கம்தான். ஃப்ளெக்ஸில் இருப்பது அச்சுக்கடையின் போன் நம்பர்.

ஆகவே சிரித்தவர்களுக்கு நான்கு வீட்டுப்பாடம்.

ஒன்று, உத்திரமேரூர், சாலவாக்கம், மதுராந்தகம் பக்கம் எங்கே பழைய கையெழுத்துப் போர்டு இருந்தாலும் நேராக நின்று படமெடுத்துக் குழுவில் போடுங்கள். ஊர், கடை, எழுதியவர் பெயர் மூன்றும் வேண்டும்.

இரண்டு, கணினித் துறையில் இருப்பவர்கள் முக்த மலர், பாலூ தம்பி போன்ற இலவசத் தமிழ் எழுத்துருக்களை அகரவரிசையாகப் பெரிதாக அச்சிட்டு அந்தத் தம்பிக்கு அனுப்புங்கள். அப்படியே நகல் எடுக்க அல்ல, வடிவத்தை ஒப்பிட்டுப் பார்க்க.

மூன்று, வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது சாக்லேட்டோடு ஒரு வடிவமைப்புப் பத்திரிகையும் கொண்டுவந்து கிளை நூலகத்தில் கொடுங்கள்.

நான்கு, கடை வைத்திருப்பவர்கள் அடுத்த போர்டைக் கையால் எழுதச் சொல்லுங்கள். பேரம் பேசாதீர்கள். மூலையில் அவர் பெயர் போட இடம் விடுங்கள்.

தமிழ் எழுத்தைப் பலகையில் எழுதக் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றையும் நாமே போடலாம். எழுத்துப் பிழை பார்த்துத் தருவது என் பொறுப்பு. படங்கள் வரட்டும், தொடங்குவோம்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர் (ஓய்வு)