மதுரையில் பிறந்தவரும் நம்ம இன்கம்டாக்ஸ் பாடமும்

அண்ட், ஆர், நாட் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் சமாச்சாரம், பி.காம்.காரனுக்கு எதற்கு என்று நம்ம வகுப்பில் பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் படிக்க வேண்டியதே நாம்தான்.

அண்ட் என்றால் இரண்டும் உண்மையாக இருக்கணும். ஆர் என்றால் ஒன்று போதும். நாட் தலைகீழாக்கும். மூன்றும் ஒரே குடும்பம். "இது அல்லது அது" என்பதை மறுத்தால், "இதுவும் இல்லை, அதுவும் இல்லை" என்று வரும். ஆர் இருந்த இடத்தில் அண்ட் வந்து உட்கார்ந்துவிடும். இதுதான் டி மார்கன் விதி. அகஸ்டஸ் டி மார்கன் 1806இல் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம மதுரையில்!

சரி, பாடத்துக்கு வருவோம். 1961ஆம் வருட வருமான வரிச் சட்டம், 6ஆம் பிரிவு. ரெசிடென்ட் ஆன ஒருவர் முந்தைய 10 வருடங்களில் 9இல் நான்-ரெசிடென்டாக இருந்தாலோ, அல்லது முந்தைய 7 வருடங்களில் 729 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இல்லாவிட்டாலோ, அவர் "நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்". (2020இல் சேர்ந்த கூடுதல் விதிகளை இங்கே விட்டுவிடுகிறேன்.) கைடுகள் இதையே திருப்பிப் போடும்: ஆர்டினரிலி ரெசிடென்ட் ஆக 2 வருடமாவது ரெசிடென்டாக இருந்திருக்கணும், கூடவே 730 நாளாவது இங்கே இருந்திருக்கணும். ஆர் எப்படி அண்ட் ஆனது? கைடு சொல்லாது. இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறோம்.

இதில் தடுமாறினால் மார்க் மட்டும் போகாது. ஆவடிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த 10 வருடங்களில் முதல் 3 வருடம் ஊரில்தான் இருந்தார். அடுத்த 7 வருடம் துபாய், வருடத்துக்கு 45 நாள் லீவு. இப்போது நிரந்தரமாகத் திரும்பிவிட்டார். 3 வருடம் ரெசிடென்ட், அதனால் முதல் நிபந்தனை பாஸ். ஆனால் 7 வருடத்தில் 315 நாள்தான், இரண்டாவது ஃபெயில். இரண்டும் வேண்டும் என்பதால் அவர் ஆர்டினரிலி ரெசிடென்ட் இல்லை. துபாயிலேயே வாங்கும் வீட்டு வாடகைக்கு இங்கே வரி கிடையாது. "ஒன்று பாஸானால் போதும்" என்று நினைக்கிறவர் அந்த வாடகைக்கும் வரி கட்ட வைத்துவிடுவார். பணம் அவருடையது, தப்பு நம்முடையது.

வரிப் பாடத்தின் முதல் வாரத்தில் ஒரே ஒரு வகுப்பு டி மார்கனுக்குக் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி. 2025இல் புதிய வருமான வரிச் சட்டமே வந்துவிட்டது. மனப்பாடம் செய்த அட்டவணையை மாற்றி எழுதணும். இந்த விதியை மாற்ற வேண்டியதில்லை.